மேற்படி

குரு என்றால் தாடி வளர்த்துக் காவி கட்டியிருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? இந்தக் குருவுக்குக் காங்கேயம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. பெயர் பூங்கோதை. சீடர் சென்னியப்பன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தறிகளை விற்றுவிட்டு வெள்ளகோவில் பக்கம் புதிதாகப் பங்க் எடுத்தவர். தொழிலில் ஒரு சந்தேகம் என்றால் உடனே "அம்மணி" என்று போனைப் போட்டுவிடுவார்.

மறுநாள் அதிகாரி சோதனைக்கு வருவதாகத் தகவல். "ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருங்க அம்மணி" என்று கூப்பிட்டதால் பூங்கோதை வந்திருந்தார். ஐப்பசி மாதம். பல நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது.

நிலத்தடி டேங்கின் பதிவேட்டைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்து எழுத வேண்டிய கட்டத்தில் மட்டும் அவர் விரல் நின்றது. முதல் நாள் "இல்லை" என்று இருந்தது. அதன் கீழே மேற்படி. மேற்படி. பக்கம் முடியும்வரை மேற்படி.

"தினமும் கோல் விட்டுப் பாத்தீங்களா அண்ணா?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "மொதல்ல கொஞ்ச நாள் பாத்தனுங்க. என்னிக்குமே தண்ணி இல்லை. இல்லாததை இல்லை, இல்லைன்னு தினமும் எதுக்குங்க அம்மணி எழுதோணும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்காகுமுங்களா?"

பூங்கோதை வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பனின் போன் அடித்தது. கோவையில் கட்டிக்கொடுத்த மகள்; தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்பவள். குரல் வெளியே கேட்டது.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன் கண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. மேசைமேல் சாப்பாட்டுத் தூக்குப்போசி திறக்காமல் இருந்தது. பூங்கோதை அதைப் பார்த்தார்.

"கோலை எடுங்கண்ணா," என்றார்.

தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பசையைக் கோலின் நுனியில் தடவி டேங்குக்குள் இறக்கினார்கள். வெளியே எடுத்தபோது நுனி மூன்று விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

சென்னியப்பன் பதறினார். "அய்யோ சாமி, டேங்க் ஓட்டையா? பக்கத்துலயே முருங்கைத் தோட்டத்துக் கிணறு இருக்குதுங்களே! டீசல் அதுல எறங்கிட்டா அந்தக் குடும்பத்து மூஞ்சில எப்படி முழிப்பேன்? பங்க்கையும் மூடிருவாங்க. தறிய வித்ததெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்குது."

"மூடி வழியா மழைத்தண்ணி எறங்கியிருந்தாலும் இப்படித்தாங்க இருக்கும்."

"எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"மழை பெஞ்ச நாள்ல மட்டும் தண்ணி ஏறியிருந்தா மூடி. வெயிலடிச்ச நாள்லயும் ஏறியிருந்தா டேங்க். எந்தெந்த நாள்ல ஏறுச்சு?"

பாவம், மனிதர் ஓடிப்போய்ப் பதிவேட்டைத்தான் புரட்டினார். அவர் எழுதியதுதானே அதில் இருக்கும்?

டீசல் விற்பனையை நிறுத்திக் கயிறு கட்டினார்கள். சென்னியப்பன் மெல்ல நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, தண்ணிய இறைச்சுப்போட்டு இன்னிக்கும் மேற்படின்னே எழுதிட்டா, அதிகாரிக்கு என்னங்க தெரியப்போகுது?"

பூங்கோதை தூக்குப்போசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பாப்பா எதுக்குங்க தினமும் அந்த ஒரே கேள்வியக் கேக்குது?"

"எனக்குச் சக்கரை இருக்குதுங்களே. ஆடி நோம்பியன்னிக்கு மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம மயங்கி உழுந்துட்டேன். அதுலிருந்து புள்ளைக்கு ஒரே பயம்."

"இன்னிக்கு மாத்திரை போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க."

"இப்ப நீங்க மயங்கி உழுந்தா, பாப்பா டாக்டர்கிட்ட என்ன சொல்லும்?"

"அப்பா சாப்ட்டாருன்னு சொல்லும்," என்றார் சென்னியப்பன்.

போனை எடுத்தார். "கண்ணு, அப்பா இன்னும் சாப்பிடல சாமி. சும்மா சொல்லிட்டேன்." மகள் விட்ட திட்டு ரோடு வரைக்கும் கேட்டது. திட்டை வாங்கிக்கொண்டே அரிசிம்பருப்புச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். மனசு லேசாகிவிட்டால் பசி தனியாகத் தெரியும் போலிருக்கிறது.

கை கழுவி வந்து அன்றைய தேதிக்கு எதிரே எழுதினார்: "தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர். விற்பனை நிறுத்தம்." அதற்குக் கீழே, யாரும் சொல்லாமலே, "மேற்படி என்று எழுதிய நாட்களில் பார்க்கவில்லை" என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு வறுத்தெடுத்துவிட்டார். நோட்டீசும் கொடுத்தார். ஆனால் உடனே டேங்கைத் தோண்டச் சொல்லவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, தினமும் அளந்து எழுதிக் காட்டு, அதுவரை டீசல் விற்காதே என்று சொல்லிப் போனார்.

அடுத்த மழை பெய்த மறுநாள், விடிந்தும் விடியாமலும் பூங்கோதைக்குப் போன் வந்தது.

"மூடிதானுங்க அம்மணி! டேங்க் இல்லீங்க! வெயிலடிச்ச நாளெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. நேத்து மழைக்குத்தான் இருக்குது. கெணத்துக்கு ஒண்ணுமில்லீங்க!" சந்தோஷத்தில் மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

மூடியின் ரப்பரை மாற்றினார்கள். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் டேங்கையும் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். கயிற்றை அவிழ்த்த அன்று பூங்கோதையும் வந்து ஒரு காப்பி குடித்தார். கிளம்பும்போது சென்னியப்பன் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் குறும்பு.

"ரப்பர் புதுசு. டேங்க் கல்லாட்டம் இருக்குது. இனி நாளைக்கும் இல்லை, நாளான்னைக்கும் இல்லைதான். அப்புறமும் தினமும் எழுதச் சொல்றீங்க. எதுக்குங்க அம்மணி?"

பூங்கோதை காரைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"சாப்டீங்களா அண்ணா?" என்றார்.