ஈயம் வைத்த கவுன்

இந்தக் கதையைக் கேட்டவர்கள் கடைசியில் என்னோடு மல்லுக்கு நிற்காமல் போனதில்லை. நீங்களும் நில்லுங்கள், பரவாயில்லை. முழுதும் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்துப் புதுச்சேரியில் மதாம் செலஸ்தீன் என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெண் விருந்துக் கவுன்கள் தைக்கும் கடை நடத்தினாள். கடை என்றால் அவளுக்குக் கோபம் வரும். 'மேசோன்' என்றுதான் சொல்ல வேண்டும். பாரிஸில் பழகிய வெட்டு, கப்பலில் வரும் பட்டு, எந்தக் கடல்காற்றுக்கும் தூக்காத பாவாடை என்று அவள் பெயர் பரவியது. காற்றுக்குத் தூக்காததில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. கவுனின் கீழ் மடிப்புக்குள் புளியங்கொட்டை அளவு ஈயத் துண்டுகள் சிலவற்றை வைத்துத் தைத்துவிடுவாள். அந்தக் கனத்தில் துணி நேராக விழும்.

மேசோனுக்கு ஒரு சட்டமும் உண்டு. புருஷன் அங்கே பேசியது பெண்டாட்டி காதுக்குப் போகக் கூடாது. சில கனவான்கள் இரண்டு வீட்டுக்கு இரண்டு அளவில் தைத்துக்கொண்டதால் வந்த சட்டம் அது. வாய் திறந்தவளுக்கு அன்றே சீட்டுக் கிழியும். பெரிய இடத்து வாடிக்கையெல்லாம் இந்த வாய்ப்பூட்டை நம்பித்தான் வந்தது.

வழக்கறிஞர் கப்ரியேலின் மனைவி பொலீனுக்காக அங்கே ஒரு கருநீலப் பட்டுக் கவுன் தயாரானது. கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டிருந்த கப்பலில் நடன விருந்து. துறைமுகப் பாலத்திலிருந்து படகில் போக வேண்டும். பொலீனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். தகப்பன் விட்டுப்போன வீடுகளெல்லாம் அவள் பெயரில் இருந்தன. கப்ரியேலோ தினமும் காலையில் பாலத்தைச் சுற்றி நீந்துகிறவர்.

கவுன் முடியும் தறுவாயில் கப்ரியேல் தனியாக வந்து மேஜைமேல் ஒரு துணிப்பையை வைத்தார். உள்ளே மீனவர்கள் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள்.

"காத்துல பாவாடை தூக்கிட்டா நாலு பேர் பார்ப்பாங்க மதாம். இதெல்லாத்தையும் வச்சுத் தைச்சிடுங்க. அவகிட்ட சொல்ல வேணாம், சிரிப்பா."

மதாம் பையைத் தூக்கிப் பார்த்தாள். கை தாழ்ந்தது. "உங்க இஷ்டம் முசியே" என்றாள்.

ஓரம் தைக்கும் பிலோமினாவும் அளவெடுக்கும் லூர்துவும் பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டார்கள். பொண்டாட்டியின் மானத்தைக் காக்க இவ்வளவு ஈயமா?

குண்டுகளைத் தைக்கும் வேலை பிலோமினாவுக்கு வந்தது. அவள் எல்லாவற்றையும் வைத்தாள். ஆனால் பிறகு பிரித்துவிடுவதற்காகப் போடும் ஓட்டுத் தையலை மெல்லிய நூலில் போட்டாள். ஓர் இழுப்பு இழுத்தால் எல்லாம் கொட்டிவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

லூர்து கவுனைப் பொலீன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். உடுத்திப் பார்க்கும்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, ஓரத்துல ஈயம் ரொம்ப இருக்கு. படகுல ஜாக்கிரதை."

"ஏன் அவ்வளவு வச்சீங்க?"

கப்ரியேலின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. லூர்து விழுங்கிக்கொண்டாள். "காத்துக்குத்தாம்மா" என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது பொலீன் அதைப் புருஷனிடம் சொன்னாள். பயந்த பெண் வேறு யாரிடம் சொல்வாள்? மறுநாள் காலை கப்ரியேல் கவுனோடு மேசோனில் வந்து நின்றார்.

"சும்மா ஒரு இழு இழுத்தேன். பாதி ஓரம் கையோட வந்திடுச்சு. இதுதான் உங்க தையலா?"

மதாமுக்கு மானம் போய்விட்டது. பிலோமினாவைத் திட்டித் தீர்த்தாள். பிறகு தானே உட்கார்ந்து, மெழுகு தடவிய இரட்டை நூலில் அந்த ஓரம் முழுவதையும் இறுக்கித் தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது பிலோமினா.

விருந்துக்குப் போகும் பெண்களுக்கு மேசோனிலேயே உடுத்திவிடுவது அங்கே வழக்கம். சாயங்காலம் பொலீன் வந்தாள். மூன்று பேரும் சுற்றி நின்று கொக்கிகளை மாட்டினார்கள். இரண்டடி நடந்து பார்த்துவிட்டு அவள் நின்றாள்.

"கனமா இருக்கே, மதாம்."

"பழகிடும்."

"நல்லா இருக்கா லூர்து?"

"ரொம்ப அழகா இருக்கீங்கம்மா."

படகு கப்பலை எட்டவில்லை. எப்படிக் கவிழ்ந்தது என்று கூட வந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் படகைப் பற்றிக்கொண்டு மிதந்தார்கள். கப்ரியேல் நீந்திப் பாலம் சேர்ந்தார். பொலீன் மேலே வரவே இல்லை. வலை போட்டுத்தான் எடுத்தார்கள். கவுன் மேசோனுக்குத் திரும்பி வந்து, அலசி உலர்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அதைப் பார்க்க வந்த சீமாட்டிகள் ஆளுக்கொரு கவுனுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். மேசோன் அதற்கப்புறம்தான் கொழித்தது.

மதாம் வாடிக்கையாளர் சொன்னதைக் குறையில்லாமல் செய்தாள். பிலோமினா சொல்லாமல் காப்பாற்றப் பார்த்தாள். லூர்து சட்டத்தைப் பாதி மீறி எச்சரித்தாள். அந்த எச்சரிக்கையால்தான் பிலோமினாவின் தையல் பிடிபட்டது. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மதாமைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. பிலோமினா செய்தது முதல் நாள் சரிதான். அன்று அவளிடம் இருந்தது வெறும் சந்தேகம். ஆனால் மனைவியின் கவுன் ஓரத்தை எந்தப் புருஷன் இழுத்துப் பார்ப்பான்? ஓரம் பிய்ந்த கவுனோடு அவன் வந்து நின்றபோதே எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் நூல் கோத்தாள். உயிர் யாருடையதோ அவளிடமே போய்ச் சொன்னவள் லூர்து ஒருத்திதான். சரியான வழி அதுதான். ஆனால் அவள் ஈயம் இருக்கிறது என்றாள், கொண்டுவந்தது யார் என்று சொல்லவில்லை. அதனால்தான் பொலீன் நேரே அவனிடமே போனாள். முழுசாகச் சொல்லியிருந்தால் லூர்துவுக்கு வேலை போயிருக்கும். வேறொன்றும் போயிருக்காது.