காக்காமடையார் சிறுகோள் பிடித்த கதை

காக்காமடையில் வானியல் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. எதற்கு என்று நீங்கள் கேட்கக் கூடாது, அவர்களே கேட்டுக்கொண்டதில்லை. சங்கத்தில் மூன்று பேர். தலைவர் மாரப்பன் மாவு மில் நடத்துகிறார். ஆறுச்சாமி கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன், ஆகவே கேமரா அவன் பொறுப்பு. மூன்றாமவன் சென்னியப்பன். அவனுக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மற்ற இருவருக்கும் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

அவன் சங்கத்தில் சேர்ந்ததே மனைவி மயிலாத்தாளுக்காகத்தான். அவளுடைய அக்காள் புருஷன் போர்வெல் லாரி வாங்கி, அதில் அக்காளின் பெயரை எழுதிவிட்டார். அன்றிலிருந்து அக்காள் போன் பண்ணும்போதெல்லாம், தன் பெயர் இப்போது லாரியோடு ராஜஸ்தானில் இருப்பதாகச் சொல்வாள். மயிலாத்தாள் போனை வைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகக் கழுவுவாள். அந்தச் சத்தம் கேட்டால் சென்னியப்பனுக்கு மனசு தாங்காது. அவள்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். சூரியனைச் சுற்றிவரும் சிறுகோளைக் கண்டுபிடிப்பவர் அதற்குப் பெயர் வைக்கலாம் என்று கேள்விப்பட்டதும், "அக்கா கோயில் நோன்பிக்கு வரதுக்குள்ள உம் பேர வானத்துல ஏத்திக் காட்டறேன் அம்மிணி," என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

சங்கம் காசு போட்டு வாங்கிய தொலைநோக்கி வந்து சேர்ந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்று விற்றவர் போனில் விளக்கினார். படம் எடுக்கும்போது தொலைநோக்கி அசையக் கூடாது. வானத்தில் ஒரே இடத்தை விட்டு விட்டுப் படம் எடுக்க வேண்டும். பிறகு ஒப்பிட்டால், இருந்த இடத்திலேயே இருப்பது நட்சத்திரம், நகர்ந்திருப்பது சிறுகோள். அவ்வளவுதான்.

இருட்டியதும் சென்னியப்பன் வீட்டு மொட்டைமாடியில் அதை நிறுத்தி சுவிட்சைப் போட்டார்கள். வானம் நகர நகரக் கூடவே திருப்புவதற்கென்று அடியில் ஒரு மோட்டார் இருந்தது. அது தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. மூவரும் பதறிப்போனார்கள்.

"அசையக் கூடாதுன்னு அந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இது தானா அசையுது பாரு," என்றார் மாரப்பன்.

"வாங்கும்போதே கோளாறுங்ணா. கழட்டிரலாம்," என்றான் ஆறுச்சாமி.

மோட்டாரைக் கழற்றினார்கள். அதோடு விடாமல், தொலைநோக்கியைத் தண்ணீர்த் தொட்டித் தூணோடு சேர்த்து எருமையைக் கட்டுவதுபோல் கட்டினார்கள். மூச்சுக்காற்றுப் பட்டால்கூட அசையும் என்று தலைவர் எச்சரித்ததால், ஒவ்வொரு படத்துக்கும் மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். கேமராவின் கண்ணாடியைத் தலைவரே தன் கையால் துடைத்தார். மில்லிலிருந்து நேராக வந்த கை.

படங்களை அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாமே நகர்ந்திருந்தன. ஒன்றுகூடப் பாக்கியில்லை. மாரப்பன் பெயர் வைக்க உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் பெயர் தீர்ந்தது, மில் வாடிக்கையாளர்கள் பெயரும் தீர்ந்தது. அவர்களுடைய ஆடுகளுக்கு வந்தபோது சென்னியப்பன் முகம் தொங்கிவிட்டது. ஊர் ஆட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு சிறுகோள் இருக்கும்போது மயிலாத்தாளுக்கும் ஒன்று என்றால் அதில் என்ன பெருமை?

அப்போதுதான் அது அவன் கண்ணில் பட்டது. எல்லாப் படத்திலும் ஒரு புள்ளி மட்டும் இம்மியும் நகராமல் நின்றது. அப்படியானால் வானத்தில் இருக்கிற ஒரே நட்சத்திரம் அதுதான். மற்றதெல்லாம் வெள்ளை, இது மட்டும் மாநிறம். மயிலாத்தாளும் மாநிறம். சென்னியப்பன் ஓடிப்போய் அவளை மாடிக்கு அழைத்துவந்தான்.

அவள் படத்தைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துக் கண்ணாடியை ஒரு துடை துடைத்தாள்.

"ராகி மாவுங்க," என்றாள்.

அடுத்த படத்தில் நட்சத்திரம் இல்லை. உலகத்துக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் போயிற்று. சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நட்சத்திரம் ராகியில செஞ்சதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது," என்றார் மாரப்பன்.

"அது கெடக்கட்டுங்ணா. இப்ப எங்க போச்சு?" என்றான் ஆறுச்சாமி.

"தொடச்சது எங்க போகும்? முந்தானையிலதான் இருக்கும்."

மயிலாத்தாள் பெருமூச்சு விட்டுக் கீழே போய், வேறு சேலைக்கு மாறி, மாவு பட்ட சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கொடியில் போட்டு, தொலைநோக்கியை அவிழ்த்துத் திருப்பி, விட்டு விட்டுப் படம் எடுத்தார்கள். நல்ல காற்று. படத்துக்குப் படம் முந்தானை இடம் மாறியிருந்தது. நகர்ந்தால் சிறுகோள் என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை. சேலை கட்டிய சிறுகோள் எந்த ஆட்டுக்கும் கிடையாது என்பதில் சென்னியப்பனுக்குப் பரம திருப்தி. மயிலாத்தாள் என்று பெயரிட்டு, சிறுகோள் கணக்கு வைக்கும் மையத்துக்கு அன்றே மின்னஞ்சல் போட்டார்கள்.

மையத்தின் இயந்திரம் எல்லாருக்கும் அனுப்பும் பதிலை இவர்களுக்கும் அனுப்பியது. கண்டுபிடித்த சிறுகோளை விடாமல் பின்தொடருங்கள், விட்டால் தொலைந்துபோகும் என்று அதில் இருந்தது. மயிலாத்தாள் தொலைந்துபோவதா என்று சென்னியப்பன் அப்போதே தொலைநோக்கியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் அதே சேலையைக் கட்டிக்கொண்டு அக்காளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அக்காள் இறங்கிப் பார்த்தால், தங்கைக்குப் பின்னால் பெரிய குழல் ஒன்றைத் தோளில் சுமந்தபடி மூன்று ஆண்கள், வேர்க்க விறுவிறுக்க.

"ஆரடி இவிங்க?"

"என்னையக் கண்டுபுடிச்சவிங்க," என்றாள் மயிலாத்தாள்.

அக்காளுக்கு ராஜஸ்தான் மறந்துபோயிற்று. அவள் லாரியின் பின்னால் இதுவரை ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை. இருவரும் நின்று பேச ஆரம்பித்தார்கள். ஆறுச்சாமி அலறாத குறை. நின்றால் நட்சத்திரமாகிவிடும், எழுதி அனுப்பியது பொய்யாகிவிடும் என்றான்.

சென்னியப்பன் ஓடிப்போய்க் கெஞ்சினான். "நிக்காத அம்மிணி, பேரு போயிரும். கொஞ்சம் நட."

அவன் முகத்தைப் பார்த்த மயிலாத்தாள், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு அக்காளும் நடந்தாள். பேச வேண்டியது நிறைய இருந்ததால் இருவரும் டீக்கடையையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மாரப்பன் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சூரியனைத்தான் சுத்தும்னு சொன்னாங்க," என்றார். "இது டீக்கடையைச் சுத்துது. திருத்தி எழுதச் சொல்லோணும்."