இரண்டு வருடம் தாங்கும் மட்டை

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு நாற்பது வயது, பெயர் ஃபிலோமினா, தலையில் வெயிலுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி. கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு மைதானத்தில் பிள்ளைகளுக்கு கோல்ஃப் கற்றுக்கொடுக்கிறார்.

அவருடைய சீடர்களில் சம்யுக்தாவுக்குப் பதினைந்து வயது. ஒரு வருடமாக அவள் ஆட்டம் ஏறிக்கொண்டே வந்தது. வரும் சனிக்கிழமை மாநில ஜூனியர் அணிக்குத் தேர்வு. அதைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வெளியூர்ப் போட்டிகளுக்குப் போயிருந்த ஃபிலோமினா ஒரு மாதம் கழித்து அந்தப் புதன்கிழமைதான் திரும்பியிருந்தார். மாலையில் சம்யுக்தா பள்ளிச் சீருடையோடு நேராக மைதானத்துக்கு வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா சென்னியப்பன் வந்தார். மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். தோளில் மட்டைகள் நிறைந்த ஒரு பெரிய புதுப் பை தொங்கியது.

வணக்கம்கூடச் சொல்லாமல் அவள் கேட்டாள்.

"மிஸ், எனக்கு என்ன ஆச்சு?"

"அடி, பாக்கலாம்."

அடித்தாள். பந்து தாழப் பறந்து வலது பக்கப் புதருக்குள் போனது. அடுத்ததும் அங்கேயே போனது. மூன்றாவது தடவை மட்டை பந்தைத் தொடாமல் அதற்கு முன்னாலேயே மண்ணைக் கொத்தியது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா இப்படித்தான் மிஸ். எனக்குப் பலம் பத்தலைன்னு எல்லாரும் சொல்றாங்க. தினமும் தண்டால் எடுக்கறேன். இன்னும் ஓங்கி அடிங்கறார் அப்பா. ஓங்கி அடிச்சா இன்னும் மோசமாப் போகுது. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க, எல்லாம் போச்சு!"

கோபம் வந்தால் அவளுக்கு அழுகையும் கூடவே வரும். அது வருவதால் இன்னும் கோபம் வரும்.

ஃபிலோமினா அவள் கையிலிருந்து மட்டையை வாங்கிப் பார்த்தார். வளர்ந்த ஆண்கள் ஆடுகிற மட்டை. தண்டு நல்ல கனம், துளியும் வளையாத விறைப்பு, அவள் உயரத்துக்கு மிஞ்சிய நீளம்.

"இதை யாரு தேர்ந்தெடுத்தது?"

"நான்தானுங்க மிஸ், நீங்க ஊருக்குப் போனப்ப," என்றார் சென்னியப்பன் பெருமையாக. "பெரிய பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் இதத்தான் வெச்சிருக்காங்களாமா. கடைக்காரரே சொன்னாருங்க."

"இவளை ஒரு தடவை அடிச்சுப் பாக்கச் சொன்னாங்களா?"

"இவ ஸ்கூல்ல இருந்தாளுங்க."

இந்த இடத்தில் எனக்கே பொறுக்கவில்லை. செருப்பு வாங்கப் போனால்கூடக் காலைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அடிக்கப்போகிறவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது விற்றவனுக்கு வாய் கூசவில்லை, வாங்கியவருக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. பழி மட்டும் பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் போய் விழுந்தது!

"பழைய செட்டு எங்கே?"

"அதையக் கடையிலயே குடுத்துட்டனுங்க. குட்டையாப் போச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்குன்னு இவ்வளவு நீளமா?"

"வளர்ற புள்ளைங்க. ரெண்டு வருசமாச்சும் தாங்கோணுமில்லீங்களா? இப்போதைக்குக் கொஞ்சம் எறக்கிப் புடிச்சுட்டாச் சரியாப் போயிருமுங்க."

ஃபிலோமினா உள்ளே போய், தண்டு லேசாக வளைந்துகொடுக்கும் வேறொரு மட்டையைக் கொண்டுவந்து சம்யுக்தாவிடம் நீட்டினார்.

அவள் அடித்தாள். பந்து உயர எழும்பி, நேராகப் போய், குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது. இன்னொன்று அடித்தாள். அதுவும் அப்படியே. அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு தண்டில் எழுதியிருந்ததைப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

"மிஸ், சீனியர்னு போட்டிருக்கு! இது தாத்தாங்க ஆடறது!"

"ஆமா. இப்போதைக்கு உன் கை வேகத்துக்கு இதுதான் சரி. இதோட முழு செட்டும் உள்ளே இருக்கு, சனிக்கிழமை எடுத்துட்டுப் போ."

"மாட்டேன். எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க. எனக்குப் பலம் பத்தலைன்னு நீங்களும் சொல்றீங்க, அவ்வளவுதானே?"

சென்னியப்பனுக்கும் சுருக்கென்றது.

"ஏனுங்க மிஸ், நான் ஒசத்தியானதா வாங்கிக் குடுக்கறேன், நீங்க கெழவனுங்க குச்சியத் தூக்கிக் குடுக்கறீங்க. இது நாயமுங்களா?"

ஃபிலோமினாவின் பார்வை சம்யுக்தாவின் கால் பக்கம் போனது. சீருடை பேண்ட்டின் விளிம்பு கணுக்காலில் தடித்து உருண்டிருந்தது.

"இது என்ன சார்?"

"மடிச்சுத் தெச்சிருக்குதுங்க. எப்பவும் ரெண்டு சைசு பெருசாத்தான் எடுப்போம். வளர வளரப் பிரிச்சு உட்டுக்கலாமுங்க."

மட்டைப் பிடியின் பழைய ரப்பரை அறுக்கிற கத்தி ஒன்று ஃபிலோமினாவின் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்தார். குனிந்து தையலை அறுத்தார். இரண்டு காலிலும்.

"மிஸ்! ஸ்கூல் யூனிஃபார்ம்!"

துணி சரிந்து ஷூவை மூடியது.

"அந்தக் கொடி வரைக்கும் ஓடிட்டு வா."

"என்ன மிஸ் இது?"

"ஓடு."

கோபத்தில் வேகமாகவே ஓடினாள். பாதி தூரத்தில் துணி காலுக்கடியில் சிக்கியது. குப்புற விழுந்தாள். முழங்காலில் புல்லின் பச்சை அப்பியது.

"அய்யோ, புள்ள!" சென்னியப்பன் பையைப் போட்டுவிட்டு ஓடினார். "சொல்லித் தர்றதுக்குத்தானுங்க உங்ககிட்ட உட்டோம், தள்ளி உடறதுக்கா?"

ஃபிலோமினா மெதுவாக நடந்து போய் அவள் முன்னால் நின்றார்.

"ஏன் விழுந்தே? காலுல பலம் பத்தலையா?"

"காலுக்கு என்ன கேடு?" என்று கத்தினாள் சம்யுக்தா. "கால் நல்லாத்தான் இருக்கு! பேண்ட்தான் பெருசு!"

கத்திக்கொண்டே எழுந்தாள். அப்பா கீழே போட்டிருந்த புதுப் பையைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

சென்னியப்பன் உட்கார்ந்து மகளின் பேண்ட் விளிம்பை விரலால் பழையபடி மடித்துவிடப் பார்த்தார். ஃபிலோமினா புது மட்டை ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இதையும் மடிச்சுக் குடுங்க சார்."

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தண்டை அழுத்தியும் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துல வளந்துருவாளுங்க மிஸ்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வளரட்டும். அந்தப் பொண்ணு வந்தப்புறம் இதை அவகிட்டக் குடுங்க. சனிக்கிழமை ஆடப்போறது இந்தப் பொண்ணு."