மூன்றாவது தூணருகில்

கும்பகோணத்தில் வெளியூர்க்காரர்கள் மாலை ஐந்து மணிக்குக் குளக்கரையில் கூடினால், எட்டு மணிக்குள் ஐந்து கோயில்களைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவாள் செண்பகவல்லி. பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அவளிடம் இரண்டு மாதமாகத் தொழில் கற்றுக்கொண்டிருந்த சீடருக்கு வயது அறுபத்தொன்று. வைத்தியலிங்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எட்டாம் வகுப்பில் இதே செண்பகவல்லியைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்தவர். காலத்துக்குக் குறும்பு கொஞ்சநஞ்சமில்லை.

"என்னைப் போய் வாங்க போங்கன்னு கூப்பிடாதீங்க சார், கூச்சமா இருக்கு" என்பாள் அவள்.

"கத்துக்கிற இடத்துல மரியாதை குறையக்கூடாதும்மா" என்பார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை அவரே குழுவை நடத்த வேண்டும். குருவான செண்பகவல்லி பின்னால் வருவாள், வாயைத் திறக்கமாட்டாள். ஒழுங்காக நடத்திவிட்டால் திங்கள் முதல் ஒரு குழு அவருக்கே. அதில் அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒரு விஷயம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலாவது கோயிலின் அம்மன் சந்நிதியில், மூன்றாவது தூணருகில், நாற்பது வருடமாக அவர் தினமும் சாயரட்சை தீபாராதனைக்கு நிற்கிறார். மழை, காய்ச்சல், மகளின் கல்யாணம், எதற்கும் தவறியதில்லை. பயிற்சிக்கு வந்த இரண்டு மாதமும்கூட, மணிச் சத்தம் கேட்டதும் குழுவை அவளிடம் விட்டுவிட்டுத் தூணுக்கு ஓடிவிடுவார். இனி எப்படி ஓடுவது? குழுவே அவருடையதாயிற்றே.

குளக்கரையிலேயே கேட்டுவிட்டார்.

"தினம் தீபாராதனை நேரத்துல ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நிக்கிறீங்க. அம்மன் உங்க முதுகுக்குப் பின்னாடி. பதினோரு வருஷத்துல நீங்க எப்பம்மா சாமி பார்த்தீங்க?"

"நாலாவது கோயில் முடியட்டும் சார், சொல்றேன்."

முதல் மூன்று கோயில்களும் ஜோராகப் போயின. மொத்தம் பதினோரு பேர். அவர் கோபுரத்தைக் காட்டிப் பாடம் எடுத்தார், கேள்வி கேட்டார், தப்பாகச் சொன்னவர்களை முறைத்தார். ஈரோட்டிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒன்றுக்குப் போகக் கையைத் தூக்கி அனுமதி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், வைத்தியலிங்கம் மட்டும் "சரி, போய்ட்டு வாங்க" என்று நிஜமாகவே அனுமதி கொடுத்தார்.

நாலாவது கோயிலுக்குள் நுழைந்தபோது மணி அடித்தது. அவ்வளவுதான். கால்கள் தாமாகவே அம்மன் சந்நிதிக்குப் போயின. மூன்றாவது தூணருகில் நின்றார். திரை விலகியது. கையைக் குவித்தார், கண்ணை மூடினார், உலகத்தை மறந்தார்.

வந்தவர்கள் பதினோரு பேரும் அவர் பின்னாலேயே வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள்.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றது ஒரு குரல். திண்டுக்கல் பாண்டியம்மா. நெஞ்சுயரம்கூட இல்லாத சின்ன உருவம். "உங்க முதுகுதான் தெரியுது."

அவர் கண்ணைத் திறந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அடைத்து நின்றது. அம்மன் முழுசாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான், அதில் அவர் நிற்கிறார். செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார். அவளோ கொடிமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டு, யாருக்கு வந்த விருந்தோ என்று நின்றாள்.

இடத்தை விட மனசு வரவில்லை. ஆனாலும் ஓர் அடி தள்ளி நின்றார்.

"வாங்கம்மா, இங்க நில்லுங்க. இப்ப அடுக்கு தீபம். மேல இருந்து கீழ வரும், முகத்தைப் பாருங்க."

பாண்டியம்மா கும்பிட்டு நகர்ந்தாள். அடுத்தவரை நிறுத்தினார். எந்தத் தீபத்துக்கு அடுத்து எந்தத் தீபம், எது எத்தனை சுற்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு தீபத்துக்கு மூன்று பேர் என்று வகுத்துக்கொண்டார்.

"மஞ்சப் புடவைங்க, மாம்பழ நெறம்" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "பார்டர் அரக்கு. நல்ல சரக்கு."

"மூக்குத்தி மினுங்குது சார், சிவப்புக் கல்லு" என்றாள் அவர் மனைவி.

"மாலை ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு. யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கா" என்றான் ஒரு நெட்டையன்.

ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல வைத்தியலிங்கத்துக்கு உற்சாகம் பொங்கியது. "அப்புறம்? வேற என்ன தெரியுது?" என்று துருவினார். பதினோரு பேரும் ஆயிற்று. கற்பூரம் ஒன்றுதான் பாக்கி. அதை அவர் தனக்கென்று வைத்திருந்தார். தூணருகில் கால் வைத்தார்.

பாண்டியம்மா அவர் கையைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நான் பாக்கலைங்க சார். தீபம் மேல வந்ததும், பாழாப் போன பழக்கம், கண்ணை மூடிக் கும்பிட்டுட்டேன். தொறந்தா இறக்கிட்டாங்க."

உள்ளே கற்பூரம் கொளுத்தினார்கள்.

வைத்தியலிங்கம் அவளைப் பிடித்துத் தன் இடத்தில் நிறுத்தினார். "கண்ணை மூடாதீங்க. அவ முகத்தையே பாருங்க. மூடாதீங்கம்மா."

"அம்மாடி" என்றாள் பாண்டியம்மா. "கன்னத்துல குழி விழுதுங்க சார். சிரிக்கிறா."

திரை விழுந்தது.

வெளியே எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு ஒரே பேச்சாக இருந்தார்கள். வைத்தியலிங்கம் செண்பகவல்லியிடம் வந்தார்.

"நாப்பது வருஷத்துல இன்னைக்குத்தாம்மா நான் பாக்கலை." வருத்தமாகச் சொல்லத்தான் நினைத்தார். முகம் ஏனோ சிரித்துக்கொண்டிருந்தது. "என் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"சொல்றேன் சார். அம்மனுக்கு இன்னைக்கு என்ன புடவை?"

"மாம்பழ மஞ்சள். அரக்கு பார்டர். சிவப்புக் கல் மூக்குத்தி, மாலை ஒரு பக்கமா சரிஞ்சிருந்துச்சு, கன்னத்துல குழி." மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"நேத்து?" என்றாள் செண்பகவல்லி.

வைத்தியலிங்கம் நினைத்துப் பார்த்தார். மூன்றாவது தூணருகில் கண்ணை மூடி நின்றது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.