கோமதிநாயகம் கேட்ட கார்டு

கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்று. முன்பு பாலிடெக்னிக்கில் லேப் பார்த்தவள் என்பதால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

அவளிடம் தொழில் பழகியவர் கோமதிநாயகம். அவருக்கு ஐம்பத்துமூன்று. இருபத்தாறு வருடம் வடக்கே லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணைத் தொட்டதும் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒருநாள் மாடி ஏறி வந்து, “எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டார். ஜெசிந்தா ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

எட்டு மாதம் ஆயிற்று. தூசி தட்டவும், ஃபேன் மாற்றவும், விண்டோஸ் ஏற்றவும் கற்றுக்கொண்டார். தெரியாததைக் கேட்க அவர் கூச்சப்பட்டதில்லை. தன்னைவிட இளையவளிடம் கேட்கிறோமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒருநாள் காலை அலமாரியைக் காட்டிக் கேட்டார்.

“டீச்சர், அந்தக் கார்டை நான் எடுத்துக்கிடட்டுமா?”

யாரோ விற்றுத் தரச் சொல்லி வைத்துவிட்டுப் போன கிராபிக்ஸ் கார்டு அது. இரண்டு ஃபேன் வைத்தது. செங்கல் கனம் இருக்கும். கடையைத் துடைக்கும்போதெல்லாம் கோமதிநாயகம் அதையும் ஒருதரம் துடைத்து வைப்பார்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“வீட்டு மிஷினுக்கு. ஒம்பது வருஷப் பழசு. மக அதுல கேம் விளையாடுவா. நின்னு நின்னு ஓடுது. புதுசு வாங்க நமக்கு வசதி காணாது. இதை மாட்டினா ஓடிரும்ல?”

“ஓடினா மக என்ன சொல்லுவா?”

அவர் கையிலிருந்த துணியை மடித்தார்.

“ஏதாவது சொல்லுவால்ல” என்றார்.

மகள் முத்தரசி அவரிடம் பேச்சைக் குறைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் ஒரு படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை உருவாக்கும் படிப்பு. “விளையாடுறதுக்கும் ஒரு படிப்பா?” என்று கேட்டு, உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிட்டார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பிட்டாயா என்றால் ‘ம்’ என்பாள். பஸ் கிடைத்ததா என்றால் ‘ம்’ என்பாள்.

ஜெசிந்தா கார்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“என்ன கேம் விளையாடுறா?”

“சுடுற கேமா இருக்கும்.”

“இருக்குமா?”

ஜெசிந்தா கார்டைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்தாள்.

“பாத்துட்டு வாங்க.”

மறுநாள் வந்து, “பாக்க விடலை டீச்சர்” என்றார். “நான் போனதும் கேமை மூடிட்டா.”

“எங்க இருந்து பாத்தீங்க?”

“கதவுகிட்ட நின்னு.”

“போலீஸ்காரரும் அப்படித்தான் நின்னு பாப்பாரு” என்றாள் ஜெசிந்தா. “பக்கத்துல உட்காந்து பாருங்க. வாயைத் திறக்காதீங்க.”

அன்று சாயங்காலம் முத்தரசி கல்லூரி விட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, கோமதிநாயகம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் விளையாட்டைத் திறந்தாள்.

திரையில் லாரி நின்றது. பத்துச் சக்கர லாரி. தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது.

கோமதிநாயகம் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வாய்வரை வந்ததை விழுங்கினார்.

அவள் ஓட்டினாள். இரண்டு பக்கமும் வெட்டவெளி, கருவேலங்காடு, தூரத்தில் காற்றாலை. அங்கெல்லாம் வண்டி நன்றாக ஓடியது. ஒரு ஊர் வந்ததும் படம் அப்படியே உறைந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மறுபடி படம் அசைந்தபோது லாரி ஒரு சுவரில் மோதிக் கிடந்தது. முத்தரசி மூச்சை வெளியே விட்டுவிட்டு முதலிலிருந்து கிளம்பினாள். அதே ஊர், அதே சுவர். நான்கு தடவை.

ஐந்தாவது தடவை ஊர் வருமுன்னே லாரியை ஓரங்கட்டி நிறுத்தினாள். அந்தக் கரகர சத்தம் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மெல்ல எடுத்தாள்.

இத்தனை பொறுமையை அவள் எங்கே கற்றாள் என்று கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடையில் எல்லாவற்றையும் சொன்னார். “லாரி ஓட்டுறா டீச்சர்! லாரி!” என்று மூன்று தடவை சொன்னார். ஜெசிந்தா முழுவதும் கேட்டாள்.

“வெட்டவெளியில நல்லா ஓடுது. புது ஊர் வந்தா மட்டும் நிக்குது. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“உள்ள கரகரன்னு சத்தம்.”

“ஆமா.”

“அப்ப கார்டு என்ன செய்யும் அண்ணாச்சி? அது படம் வரையும். வரைய வேண்டியது இன்னும் வந்தே சேரலையே.”

அவருக்குப் பிடிபட்டது. பழைய ஹார்ட் டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறது. எடுத்ததை வைத்துக்கொள்ள ரேமில் இடம் இல்லை. எட்டு மாதமாக அவர் கையாலேயே எத்தனை பேருக்கு இந்த இரண்டையும் மாற்றியிருக்கிறார். தன் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் அது தோன்றவில்லை.

ஜெசிந்தா மேசை டிராயரைத் திறந்து, பழைய டிஸ்குக்குப் பதிலாக மாட்ட ஒரு எஸ்.எஸ்.டி.யையும் ஒரு ரேமையும் எடுத்து வைத்தாள். இரண்டும் சேர்ந்தும் உள்ளங்கையை நிறைக்கவில்லை.

கோமதிநாயகம் அதைப் பார்த்தார். அலமாரியில் இருந்த கார்டையும் பார்த்தார்.

“இது உள்ள போயிட்டா வெளிய தெரியவே தெரியாதே டீச்சர். அப்பன் ஏதோ செஞ்சான்னு தெரிய வேண்டாமா?”

“யாருக்கு ஓடணும் அண்ணாச்சி? உங்களுக்கா, அவளுக்கா?”

அவர் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் உடனே மாட்டவில்லை. நாலைந்து நாள் ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பெட்டியைத் திறந்துவிட்டால் அந்த ஸ்டூலுக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு குடோனுக்குள் லாரியைப் பின்பக்கமாக விட வேண்டியிருந்தது. இந்த முறை நீளமான டிரெய்லர். முத்தரசி இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போனது. மூன்று தடவை தூணில் இடித்தாள். கோமதிநாயகத்தின் கை தானாக எழுந்து காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தது. அவசரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கணும்?”

ஒரு வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“பின்னாடி எந்தப் பக்கம் போகணுமோ, அதுக்கு மாத்தி ஒடிக்கணும் தாயி. கொஞ்சமா. ஒடிச்ச கையோட நேராக்கிரு. டிரெய்லர் அசையுற வரைக்கும் பொறு. அவசரப்படாத.”

அவள் பொறுத்தாள். டிரெய்லர் உள்ளே போய் நின்றது.

“ஆங்!” என்றார் கோமதிநாயகம், லாரியில் கூட வரும் கிளீனர் வண்டியின் பின்புறம் தட்டுகிற மாதிரி மேசையைத் தட்டி.

முத்தரசி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். மகள் செல்போன் வெளிச்சம் காட்டினாள், அவர் வேலை பார்த்தார். உள்ளே ஒன்பது வருடத் தூசி. பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் புதியதுக்கு மாற்ற ஒரு மத்தியானம் ஆயிற்று. மனைவி சண்முகக்கனி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், இரண்டு தட்டில் சோற்றைப் போட்டுக் கம்ப்யூட்டர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பொத்தானை அழுத்தினார்கள். விளையாட்டு சட்டென்று திறந்தது. முத்தரசி ஒரு கணம் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“எங்க போகணும்?” என்றார்.

“வடக்கே.”

லாரி கிளம்பிய இடம் அவருக்குத் தெரிந்த இடமாக இருந்தது. கோவில்பட்டி பைபாஸ். தீப்பெட்டி செய்யும் ஆபீஸின் சுவர், அதன் மேல் விளம்பரம், பக்கத்தில் டீக்கடை.

“ஏ, இது நம்ம ஊருல்ல?”

“ம்.”

“கேம்ல நம்ம ஊரை எதுக்கு வச்சிருக்கான்?”

“அவன் வைக்கலை. நான் வச்சேன்.”

அவருக்கு விளங்கவில்லை. அவள் ஓட்டிக்கொண்டே சொன்னாள். இந்த விளையாட்டில் நமக்கு வேண்டிய ரோட்டை நாமே போட்டுக்கொள்ளலாம். ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டு வருகிறாள். வீட்டுப் பக்கத்தில் கிளம்பி வடக்கே போகும் ஒரே ரோடு; இத்தனை நாள் அவர் பார்த்தது அதன் நடுவில் ஒரு துண்டு. ஓட்டிப் பார்ப்பது கொஞ்ச நேரம், மற்ற நேரமெல்லாம் ரோடு போடுவது.

மதுரை, சேலம், பெங்களூர் போயின. ஒன்றிலும் வண்டி நிற்கவில்லை. கர்நூல் போயிற்று. ஒவ்வோர் ஊரும் உண்மையில் இருப்பதைவிடச் சின்னது. ஆனாலும் பாலம் இருக்க வேண்டிய இடத்தில் பாலம் இருந்தது.

“இதுக்கு மேல நான் ஓட்டிப் போனதே இல்லை” என்றாள். “போட்டு வச்சிருக்கேன். ஆனா கர்நூலைத் தாண்டினா மிஷின் நின்னுரும்.”

இப்போது நிற்கவில்லை. ஹைதராபாத் தாண்டித் தேக்கு மரங்கள் வந்தன. ஒரு பெயர்ப்பலகையில் அதிலாபாத் என்று இருந்தது. அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

லாரிக்காரர்கள் சாப்பிட்டுப் படுக்கும் ஒரு தாபா. வாசலில் வேப்பமரம். மரத்தடியில் மூன்று கயிற்றுக் கட்டில்கள். நடுக்கட்டிலில் ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது.

கோமதிநாயகம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“நான் ரெண்டாவது படிக்கும்போது அங்க இருந்து போன் பண்ணுனீங்க” என்றாள் முத்தரசி. “எங்கப்பா இருக்கீங்கன்னு கேட்டேன். வேப்பமரத்தடியில மூணு கட்டில் கிடக்கு, நடுக்கட்டில்ல நான்னு சொன்னீங்க. துண்டு கலர் கேட்டேன். சிவப்புன்னீங்க.”

“எனக்கு ஞாபகம் இல்லையே தாயி.”

“எனக்கு இருக்கு.”

பெட்டிக்குள் சத்தமே இல்லை. அந்தக் கரகரப்பு போயிருந்தது.

அவர் கேட்டார். “அந்தச் சென்னைப் படிப்பு... இதைத்தான் சொல்லித் தருவாங்களா?”

“ம்.”

“நான் விளையாட்டுன்னு நெனச்சிட்டேன்.”

“தெரியும்.”

“அன்னைக்கு நீ சொல்லியிருக்கலாம்ல.”

“நீங்க கேட்கலையே ப்பா.”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மறுபடி எப்பச் சேர்ப்பாங்க?”

அவள் முதல்முறையாக முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

ஜூன் மாதம் முத்தரசி சென்னைக்குப் போனாள். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுவிட்டு கோமதிநாயகம் நேராகக் கடைக்கு வந்தார். ஒரு மதர்போர்டைக் கழற்ற ஆரம்பித்தவர், ஒரே ஸ்க்ரூவைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர்” என்றார்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“தப்பா நெனைக்காதீங்க. அந்த மிஷினைச் சரி பண்ணாமலே விட்டிருந்தா அவ கர்நூல் தாண்டியிருக்க மாட்டா. இங்கேயே பக்கத்துல இருந்திருப்பா. நானும் ஸ்டூலைப் போட்டு உட்காந்திருப்பேன். நானே கையால ஓட வச்சு அனுப்பிட்டேனோன்னு இருக்கு.”

ஜெசிந்தா தன் வேலையை நிறுத்தினாள்.

“அவ பொறந்ததுல இருந்து நீங்க வண்டியிலதான் இருந்தீங்க. அந்த வருஷமெல்லாம் முத்தரசி எங்க இருந்தா?”

“எங்க இருப்பா? வீட்டுலதான்.”

“வீட்டுலயா இருந்தா?” என்றாள் ஜெசிந்தா. “உங்க கூட அதிலாபாத் வரைக்கும்ல வந்திருக்கா.”