கீழக்கோடித் தெருவின் குடம்

குடங்களுக்கென்று ஒரு சபை நடந்த காலம் அது. ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில், தெருவுக்கு ஓர் உறுப்பினராகக் கூடுவார்கள்.

கீழக்கோடித் தெருவின் உறுப்பினர் ஓர் எவர்சில்வர் குடம். கல்யாணச் சீராக வந்தபோது கழுத்தில் வெட்டிய பேர் பூங்கோதை. அதுவே அவள் பேராகிவிட்டது. தெருவின் பிளாஸ்டிக் குடங்கள் அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். "நாங்க கத்தினா தொப்புனு கேக்கும். நீங்க கத்தினா ஊரே திரும்பும், அக்கா."

தெருக்குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள். எல்லாரும் கலங்கல் தண்ணீருக்காகக் கல்குவாரிப் பள்ளத்துக்குத்தான் இறங்கினார்கள். முந்தாநாள் பச்சைக்குடம் பாறையில் வழுக்கி விழுந்து இரண்டாகப் பிளந்துபோனது. சபையோ இன்றோடு முடிகிறது. மறுபடி கூட மூன்று மாதம் ஆகும்.

"இன்னிக்குக் கேக்காம வந்துடாதீங்க அக்கா. அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் உடைவோமோ," என்று சொல்லித்தான் சிவப்புக்குடம் வழியனுப்பியது.

சபை வாசலில் சேவகச் சொம்பு ஓடிவந்தது. "வாங்கம்மா, வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கிறதுதானே நம்ம வழக்கம்?"

கொடுக்கிற தண்ணீரை வேண்டாமென்றால் நன்றாகவா இருக்கும்? பூங்கோதை சும்மா நின்றாள். சொம்பு மடமடவென்று கழுத்துவரை ஊற்றிவிட்டது. பதினோரு நாளுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் வயிறு குளிர்ந்தது. இதை அப்படியே கொண்டுபோனால் ஒரு வீட்டில் உலை வைக்கலாமே என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

உள்ளே போய் மேலத்தெருத் தவலையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்பண்ணே என் முறை?" என்று கேட்டால், அவள் குரல் முனகலாகத்தான் வந்தது.

தவலை கிசுகிசுத்தது. "நிறைஞ்சவங்க குரல் இவ்வளவுதான், தங்கச்சி. ஒன்பது வருஷமா இங்க இருக்கேன். நான் பேசி ஒருத்தராவது கேட்டிருப்பாங்கன்னா நினைக்கிறே?"

பூங்கோதைக்குப் பகீரென்றது. அதற்குள் தலைவர் அண்டா அழைத்துவிட்டது. "கீழக்கோடித் தெரு!"

எழுந்தாள். "எங்க தெருவுல தண்ணி..."

"கேக்கலை! சத்தமா!" பின்வரிசை வாளிகள் சிரித்தன.

"பதினோரு நாளா..." முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை.

பதில் சொல்ல வால்வு எழுந்தது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிற அமைச்சர் அதுதான். "தண்ணி இல்லைன்னுதானே முனகுறாங்க? தலைவர் அவர்களே, உறுப்பினரையே பாருங்க. கழுத்துவரைக்கும் தளும்புது! தெருவுல இல்லாமலா இவ்வளவு?"

சபை மேசையைத் தட்டி ஆரவாரித்தது. "அப்ப இது முடிஞ்சுது," என்று அண்டா அடுத்த தாளை எடுத்தது.

விருந்தென்று ஊற்றியது தன் தெருவுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறதே! பூங்கோதை கண்ணில் பச்சைக்குடம் பிளந்து கிடந்தது. உலைத் தண்ணீரை நினைத்து ஒரு நொடி தயங்கினாள். பிறகு, அப்படியே சாய்ந்தாள்.

தண்ணீர் தரையெங்கும் ஓடியது. வெறுங்குடம் உருண்டு மேசைக்காலில் மோதியது. டணங்!

"ஐயோ, ஒரு குடம் தண்ணி!" என்று அண்டா அலறியது.

"குறைகுடம் கூத்தாடுதுடோய்!" என்றது ஒரு வாளி.

"ஆடத்தான் செய்யும்!" இப்போது அவள் குரல் தொட்டியின் தூண்களில் முட்டித் திரும்பியது. "ஒரு குடம் கொட்டினதுக்கே பதறுறீங்களே, பதினோரு நாளா ஒரு தெருவே காயுது! குவாரியில ஒருத்தி விழுந்து உடைஞ்சே போயிட்டா. வால்வு ஐயா, எங்களுக்கு எப்பத் திறப்பீங்க?"

"டேய் சொம்பு! அவளை நிரப்புடா, சீக்கிரம்!" வால்வு கத்தியது.

சொம்பு ஓடிவருவதற்குள் பூங்கோதை குப்புறக் கவிழ்ந்துகொண்டாள். "முதல்ல தெருவுக்கு ஊத்துங்க, தம்பி. அப்புறம் எனக்கு." கவிழ்ந்தபடியே தரையில் டணங் டணங்கென்று முட்டினாள். "எப்பத் திறப்பீங்க? எப்பத் திறப்பீங்க?"

சொம்பு அவளை நாலு சுற்று சுற்றிவந்தது. ஊற்ற வழியே இல்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வால்வைப் பார்த்தது.

"ஐயா, இவங்க வாயை அடைக்கணும்னா, உங்களைத் திறந்தாத்தான் முடியும்."