மைனாவின் மஞ்சள் கால்

வேங்கைக்காட்டில் பெரியநாயகி என்ற யானைக்கு வேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பதினான்கு யானைகள் கொண்ட கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. கோடை வந்துவிட்டால் அத்தனை வயிற்றுக்கும் தண்ணீர் தேடுவது பெரும்பாடு. அதனால் முன்னால் பறந்துபோய், எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவந்து சொல்ல இரண்டு பறவைகளை வைத்திருந்தாள். அதில் ஒன்று குஞ்சு பொரித்துவிட்டு வேலையை விட்டுவிட்டது.

அந்த இடத்துக்கு வந்தவள் வசுமதி என்ற மைனா. மலையடிவாரத்துப் பறவைக் கல்லூரியில் நீர்நிலைப் படிப்பு படித்தவள். முதல் மாணவி. பட்டம் வாங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது. பட்டத்தைக் கொத்தித் தின்ன முடியாதே! வேலை வேண்டுமே!

"நாப்பத்திரண்டு குட்டையும் எனக்கு மனப்பாடம்மா! எந்த மாசம் எதுல எவ்வளவு தண்ணி நிக்கும்னும் சொல்லுவேன். கேளுங்க!" என்றாள் வசுமதி.

பெரியநாயகி அதையெல்லாம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெயில்ல பறப்பியா?"

"பறப்பேம்மா."

"நாளைக்கு வா."

வசுமதிக்குச் சப்பென்று போய்விட்டது. மூன்று நாள் விழுந்து விழுந்து படித்துவிட்டு வந்தவளாயிற்றே!

சம்பளம் மோசமில்லை. யானை நடந்தால் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியெல்லாம் பறவைக்கு. உட்கார யானை முதுகு. வசுமதிக்குக் கிடைத்தது தங்கம்மா என்ற யானையின் முதுகு. தங்கம்மா அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிக்குப் பதினொரு நாள். தன் தும்பிக்கையைத் தானே மிதித்துக்கொண்டு விழும், எழும், மறுபடி மிதிக்கும்.

இன்னொரு பறவை முனியன் என்ற வாலாட்டிக் குருவி. மூன்று வருட அனுபவம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் சேதி சொல்ல வரும் பறவை முதலில் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். காலில் சேறு இருந்தால் குட்டையில் தண்ணீர் உண்டு. காய்ந்த புழுதி இருந்தால் தண்ணீர் இல்லை. காலைப் பார்த்த பிறகுதான் பெரியநாயகி காதைக் கொடுப்பாள்.

வசுமதிக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"கல்லூரியில முதல் மாணவி நான்! என் பேச்சை நம்ப மாட்டாங்களா? காலைத் தூக்கிக் காட்டணுமாம், காலை!" என்று முனியனிடம் பொரிந்து தள்ளினாள்.

"எனக்கும் இதேதான் மேடம்" என்றான் முனியன், வாலை ஆட்டிக்கொண்டே.

முதல் வாரம் எல்லாம் பக்கத்துக் குட்டைகள். போனாள், பார்த்தாள், வந்தாள். புத்தகத்தில் இருந்தபடியே எல்லாம் இருந்தது. 'இவ்வளவுதானா வேலை!' என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள், கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆலங்குட்டை வற்றி வெறும் சேறாகிவிட்டது. பெரியநாயகி இருவரையும் கூப்பிட்டாள்.

"முனியா, நீ கிழக்கே பாறைச்சுனைக்குப் போ. வசுமதி, நீ மேற்கே நாவல்மடுவுக்குப் போ. ஒழுங்காப் பார்த்துட்டு வாங்க. தங்கம்மாவுக்குத் தண்ணி இல்லேன்னா பால் இல்லை. பால் இல்லேன்னா குட்டி இல்லை. எதிரெதிர்த் திசை வேற. ரெண்டு பக்கமும் நடக்கக் குட்டிக்குத் தெம்பு கிடையாது."

கிளம்பும்போது முனியன் பக்கத்தில் வந்தான்.

"மேடம், நாவல்மடுவுக்கு நான் போயிருக்கேன். அந்தப் பெரிய நாவல்மரம் இருக்கே..."

"தெரியும், தெரியும்! மரத்துக்கு வலப்பக்கம் திரும்பணும். வரைபடமே மனப்பாடம். எனக்கே வழி சொல்றியா நீ?"

முனியன் நமக்கெதற்கு வம்பு என்று கிழக்கே பறந்துவிட்டான்.

வசுமதி மேற்கே பறந்தாள். பறந்தாள், பறந்துகொண்டே இருந்தாள். வெயில் நெருப்பாகக் கொட்டியது. பெரிய நாவல்மரத்தை மட்டும் காணோம். பார்க்கிற இடமெல்லாம் முள்ளும் பாறையும்தான். இப்படிச் சுற்றினாள், அப்படிச் சுற்றினாள். எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை.

போன மழைக்காலத்துச் சூறைக்காற்றில் அந்த மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. காலையில் முனியன் சொல்ல வந்தது அதைத்தான்.

வசுமதி ஒரு கருவேல மரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். 'வழி தெரியவில்லை என்று போய்ச் சொல்வதா? மனப்பாடம் என்று பீற்றிக்கொண்ட வாயாலா? அந்த வாலாட்டி விழுந்து விழுந்து சிரிப்பானே! புத்தகம் என்ன சொல்கிறது? சித்திரையில் நாவல்மடுவில் யானை மூழ்கத் தண்ணீர் நிற்கும். புத்தகம் பொய்யா சொல்லும்?'

அவ்வளவுதான், மனம் சமாதானமாகிவிட்டது. நிழலில் பொழுதைக் கழித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினாள். வரும் வழியில் ஆலங்குட்டையில் இறங்கி, இரண்டு காலையும் சேற்றில் அமுக்கி எடுத்தாள்.

"காலைக் காட்டு" என்றாள் பெரியநாயகி.

வசுமதி காட்டினாள். மஞ்சள் கால் முழுக்கச் சேறு.

"நாவல்மடுவுல யானை மூழ்கத் தண்ணி இருக்கும்மா!"

முனியன் காலிலும் சேறு இருந்தது. "சுனையில கொஞ்சம்தான் இருக்கு தாயி. நம்ம கூட்டத்துக்கு ரெண்டு நாள் வரும். அதுக்கு மேல தாங்காது" என்றான்.

பெரியநாயகி யோசிக்கவே இல்லை. "விடிஞ்சதும் நாவல்மடுவுக்கு நடப்போம்!"

விடிந்தது. நடந்தார்கள். வசுமதி தங்கம்மா முதுகில் உட்கார்ந்திருந்தாள். 'இருக்கும், தண்ணீர் இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புத்தகத்தின் பக்க எண்கூட ஞாபகம் வந்தது.

வெயில் ஏறியது. குட்டி தும்பிக்கையை மிதித்து விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு எழவில்லை. தங்கம்மா அதன்மேல் நிழலாக நின்றுகொண்டு முட்டிமுட்டிப் பார்த்தாள். விழுவதற்கு முன்பே பால் குடிக்க வாயைக் கொண்டுபோன குட்டி வெறும் மடியைச் சப்பிவிட்டு விட்டுவிட்டது.

பெரியநாயகி திரும்பிப் பார்த்தாள். "வசுமதி! மடுவுல எந்தக் கரை சரிவா இருக்கு? குட்டியை நேரா அங்கேயே இறக்கிடலாம். நீ நேத்து எங்கே இறங்கினே?"

வசுமதி பக்கம் பக்கமாக நினைவில் புரட்டினாள். அது புத்தகத்தில் இல்லை.

'தெற்குக் கரை என்று சொல்லிவிடலாமா?' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழே குட்டி கண்ணை மூடித் திறந்தது.

"அம்மா..." என்றாள் வசுமதி. "நான் நாவல்மடுவுக்குப் போகவே இல்லை. வழி தெரியாம ஒரு மரத்துல உக்காந்திருந்தேன். கால்ல இருந்தது ஆலங்குட்டைச் சேறு."



தங்கம்மா உடம்பை ஓர் உதறு உதறினாள். வசுமதி தெறித்துப்போய் ஒரு முள்செடியில் விழுந்தாள். "பாவி! என் முதுகுல உக்காந்துகிட்டே என் குட்டிக்குக் குழி தோண்டினியா?"

பெரியநாயகி அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "எல்லாரும் திரும்புங்க! பாறைச்சுனைக்கு!" என்று பிளிறினாள்.

தங்கம்மா தன் தொண்டைக்குள் தும்பிக்கையை விட்டு, மிச்சம் மீதி இருந்த தண்ணீரை எடுத்துக் குட்டியின் தலையில் ஊற்றினாள். இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் அண்டைகொடுத்துக் குட்டியைத் தூக்கி நிறுத்தின. வந்த வழியெல்லாம் திரும்ப நடந்து, ஆலங்குட்டையைத் தாண்டி, இன்னும் அவ்வளவு தூரம் நடந்தார்கள். முனியன் முன்னால் பறந்து நிழல் உள்ள தடமாகப் பார்த்துக் காட்டிக்கொண்டே போனான். பொழுது சாயும்போது சுனை வந்தது. தங்கம்மா வயிறு முட்டக் குடித்தாள். வெகுநேரம் கழித்துக் குட்டி பால் குடிக்கும் சத்தம் கேட்டது.

வசுமதி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

பெரியநாயகி அவளிடம் வந்தாள். "இங்கே ரெண்டு நாளைக்குத்தான் தண்ணி. நாளைக்கு நாவல்மடுவைப் பார்த்துட்டு வா."

"நானா? இன்னும் என்னை நம்புறீங்களாம்மா?"

"எங்கே நம்பினேன்? பார்த்துட்டு வான்னுதானே சொன்னேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் குட்டி போயிருக்கும். நீ சொல்லிட்டே. அதுக்காக ஒரு தடவை."

மறுநாள் விடியற்காலையில் வசுமதி முனியன் முன்னால் போய் நின்றாள்.

"முனியண்ணே, நாவல்மடுவுக்கு எனக்கு வழி தெரியலை. சொல்றீங்களா?"

முனியன் சிரிக்கவில்லை. வால்கூட ஆடவில்லை. "மரம் விழுந்து கிடக்கு தங்கச்சி. அந்த இடத்துல ரெட்டைப் புத்து ஒண்ணு இருக்கும். அதுலேருந்து வலப்பக்கம் திரும்பு."

சாயங்காலம் வசுமதி திரும்பினாள். இறக்கையெல்லாம் துவண்டிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே காலைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் தெரியாமல் வெள்ளைப் புழுதி அப்பியிருந்தது.

"மடு காஞ்சு கிடக்கும்மா. ஒரு சொட்டுக்கூட இல்லை. நடுவுல ஒரு மானோட எலும்பு கிடந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தூரம் போய் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்த வேலை, அதிலும் கொண்டுவந்தது வெறும் புழுதி!

தங்கம்மா குட்டியை இழுத்துத் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

பெரியநாயகி அந்தக் காலை வெகுநேரம் பார்த்தாள். "பத்து நாளா எங்கிட்ட வேலை பார்க்கிறே. புத்தகத்தோட சேதியைத்தான் சொல்லிக்கிட்டிருந்தே. இன்னைக்குத்தான் உன்னோட சேதி வந்திருக்கு. நாளைக்கு வடக்கே போ."

வசுமதி மறுபடி கல்லுக்குப் போகத் திரும்பினாள்.

"அங்கே எங்கே போறே? வெயில்ல சுத்திட்டு வந்திருக்கே, வந்து உக்காரு" என்றாள் தங்கம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டே. முதுகை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாள்.

படித்து முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்கள், 'எனக்குத் தெரியாது' என்று வெட்கப்படாமல் சொல்லக் கற்றுக்கொண்டால், மற்ற எல்லாவற்றையும் அந்த வேலையே கற்றுக்கொடுத்துவிடும்.